பவுண்டரிச் சுவரோரக் குழி

12 ஏப்ரல் 1991
மண்ணூர்பேட்டை. சோளத்தட்டை நறுக்கி மிதித்து, காற்றுப் புகாமல் மூடி ஊறுகாய்ப்புல் போடுங்கள் என்றால், எருமை வளர்க்கும் லோகநாயகி அம்மா மூன்றாவது குழியை, பக்கத்து இரும்பு வார்க்கும் பவுண்டரியின் உலைச் சுவரை ஒட்டித் தோண்டியிருக்கிறார். கை வைத்தால் சுடுகிறது. கத்திவிட்டேன்.
"எடம் இன்னா கொட்டியா கெடக்குது, டாக்டரம்மா?"
நான் மாட்டு டாக்டர் இல்லை, ஆய்வகத்துக்காரி என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. தீவனத்தைப் புளிக்கவைக்க நாங்கள் தரும் பாக்டீரியாவை அந்தக் குழிக்கு மட்டும் கொடுக்கவில்லை. வீண்.

13 ஏப்ரல்
எங்களுடையது குளிர்நாட்டுச் சரக்கு. போன கோடையில் சுருண்டுவிட்டது, தீவனம் நாறியது. இந்தத் தடவையும் கெட்டால் லோகநாயகி அம்மா எட்டு எருமையையும் விற்றுவிடுவாராம். தரகர் செங்கல்வராயன் வந்து பல்லைப் பார்த்துவிட்டே போயிருக்கிறார்.

28 மே
இரண்டு குழியும் போச்சு. ஒரே குமட்டல். அந்த அம்மா திட்டியிருந்தாலாவது தேவலை.
மூன்றாவதைத் திறக்கவே வேண்டாம் என்றேன். திறந்துவிட்டார்.
என்னத்தச் சொல்ல — புளிப்பு. சுத்தமான புளிப்பு, மாங்காய் ஜாடியைத் திறந்த மாதிரி. பூஞ்சை ஒரு பொட்டு இல்லை. சுவரோரத்தில் இன்னும் நன்றாக இருக்கிறது. தெர்மாமீட்டரைச் செருகினேன்: நாற்பத்தெட்டு டிகிரி. இந்தச் சூட்டில் உள்ளே யார் உயிரோடு இருக்கிறீர்கள்?

3 ஜூன்
மூன்றாவது குழித் தீவனத்தைக் கரைத்துக் கண்ணாடித் தட்டில் பூசி, இன்குபேட்டரை ஐம்பது டிகிரியில் வைத்தேன். கூட வேலை பார்க்கும் உலகநாதன், "அவியலா பண்றீங்க மேடம்?" என்கிறார்.

5 ஜூன்
தட்டில் சுண்ணாம்புத் தூள் கலந்திருப்பதால் பால் வெள்ளையாக இருக்கும். அமிலம் சுரக்கிற இடம் மட்டும் கரைந்து தெளியும்.
இன்று தட்டு முழுக்கத் தெளிந்த வட்டங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் கடுகைவிடச் சின்னப் புள்ளி. வட்டத்தின் வழியே அடியில் கிடந்த பேப்பரைப் படிக்க முடிகிறது. பெராக்சைடு விட்டேன்; லாக்டிக் வகையென்றால் நுரைக்காது. குமிழி இல்லை. சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் ஊதாக் குச்சிகள். பாலைத் தயிராக்குகிற அதே லாக்டிக் பாக்டீரியா இனமேதான். ஐம்பதில்!
உலகநாதன் பார்த்தார். சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து மறுபடி பார்த்தார்.

6 ஜூன்
எங்கிருந்தோ வரவில்லை. சோளத்தட்டின் மேலேயே இருந்திருக்கிறது, எப்போதும். சூடு மற்றதையெல்லாம் அடக்கி இதை வளரவிட்டிருக்கிறது. நாங்கள்தான் கடல் தாண்டித் தேடினோம்.

20 ஜூன்
ஒரு குழித் தீவனம் மூன்று எருமைக்குத்தான் காணும். மற்ற ஐந்தையும் செங்கல்வராயன் ஓட்டிப் போய்விட்டார். லோகநாயகி அம்மா தெருவிலேயே நின்றார். "அடுத்த கோடைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

9 ஏப்ரல் 1992
நான்கு குழி. சுவரோரத்துப் பாக்டீரியாவைப் பெருக்கி எல்லாவற்றிலும் தெளித்தாயிற்று. பயமாக இருக்கிறது.

25 மே
குழி பிரிக்கப் போனால் லோகநாயகி அம்மா இல்லை. மாடு வாங்கச் சந்தைக்குப் போயிருக்கிறார். இன்னும் திறந்தே பார்க்கவில்லையே என்றேன் அவர் கணவர் கஜபதியிடம்.
"நானும் அதத்தான் கேட்டேன். குழிக்குள்ள கீற பசங்க பாத்துக்குவானுங்கன்னு சொல்லிட்டுப் பூட்டா."
பிரித்தோம். நான்கிலும் அதே மாங்காய் ஜாடிப் புளிப்பு. பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.