மஸ்கட்டில் இருக்கும் என் மச்சானுக்கு

அன்பு மச்சான் முருகேசா,

எங்கே இருந்தாலும் முதலில் சாப்பிட்டுவிட்டு இதைப் படி. வெறும் வயிற்றில் படித்தால் உனக்குக் கோபம் வரும். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உன்னை மஸ்கட்டுக்கு அனுப்பி வைத்துவிட்டேன். உயிரோடு இருந்தவரை லாரியிலேயே நாட்டைச் சுற்றிய நீ ஒரு நாளும் விமானம் ஏறியதில்லை. செத்த பிறகு, பாஸ்போர்ட் இல்லாமல், என் வாயாலேயே கடல் தாண்டிவிட்டாய்.

எல்லாம் என் மகள், உன் மருமகள் கௌசல்யாவால் வந்தது. அவள் எம்.டெக் சேர்ந்தபோது நீ இருந்தாய். ராணுவத்துக்கு வேண்டிய கருவிகளைச் செய்கிற படிப்பு என்று எனக்கு விளக்கிச் சொன்னதே நீதான். கடைசி வருஷம் ஆராய்ச்சி என்று ஆரம்பித்ததைத்தான் நீ பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவள் போக்கே மாறிவிட்டது. லீவுக்கு வந்தால் போனைக் கவிழ்த்து வைப்பாள். நான் பக்கத்தில் போனால் கம்ப்யூட்டரை மூடுவாள். என்னம்மா பண்றே என்றால், "அதை வெளியாளுங்க கிட்ட சொல்லக் கூடாதுப்பா" என்பாள். பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்ட எனக்கு அதைச் சொன்னால்தான் என்ன புரிந்துவிடப் போகிறது? ஆனாலும் பெற்றவன் எந்தத் தேதியிலிருந்து வெளியாள் ஆனான் என்று எனக்கு உறுத்தியது.

அடுத்தது இன்னும் மோசம். சொந்தக்காரர் கல்யாணம் என்றாலே தலைவலி என்று படுத்துக்கொள்பவள், திடீரென்று ஒன்று விடாமல் கிளம்பினாள். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என்று எந்த மண்டபத்தில் விசேஷம் என்றாலும் எங்களுக்கு முன்னால் வண்டியில் உட்கார்ந்திருப்பாள். பொண்ணு மாப்பிள்ளையைப் பார்ப்பதில்லை. பந்திக்கும் வருவதில்லை. வாசலில் ட்ரோன் கேமரா பறக்கவிடுகிற பையன் பக்கத்தில் போய் நிற்பாள். கையில் பஞ்சு சுற்றிய மைக். அவன் பறக்கவிடுவான், இவள் மைக்கை நீட்டுவாள், இரண்டு பேரும் வானத்தைப் பார்ப்பார்கள். நானும் வானத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. பையனைப் பார்த்தேன். தாடி வைத்திருந்தான்.

உன் தங்கையிடம் சொன்னேன். "லவ் பண்றவங்க மைக் வச்சிட்டா பண்ணுவாங்க?" என்று செல்வி சிரித்தாள்.

"இப்ப அப்படியும் பண்றாங்க போல" என்றேன்.

கடைசியில் கௌசியே சொன்னாள். ட்ரோன் வருகிற சத்தத்தைத் தூரத்திலேயே கேட்டு, எந்த மாதிரி ட்ரோன், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லும் கருவியாம். "மேளம், ஜெனரேட்டர், மைக்செட்டு எல்லாம் ஒண்ணா கத்தும்போதும் அது கண்டுபுடிக்கணும்பா. கல்யாண மண்டபத்தை விட்டா இத்தனை சத்தம் எனக்கு வேற எங்க கிடைக்கும்?"

"அது ஆளைக் கொல்லுமா?" என்று கேட்டேன்.

"கேக்கும்பா. கேட்டுட்டுச் சொல்லும். அவ்ளோதான்."

"சொன்னதுக்கு அப்புறம்?"

அவள் மைக்கில் பஞ்சைச் சுற்ற ஆரம்பித்தாள். "அப்புறம் நடக்கறது என் தீசிஸ்ல வராதுப்பா" என்றாள்.

அந்த இடத்தில் நீ இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பாய் மச்சான்? எனக்கு மேற்கொண்டு கேட்கத் தெரியவில்லை. மாவு அரைக்க நம் மில்லுக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகுதான் ஒரு காலையில் அந்த ஆள் மில்லுக்கு வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, பைக், கையில் தானியப் பை இல்லை. மாவு மில்லுக்கு வெறுங்கையோடு வருகிற ஆள் இரண்டே வகை. ஒன்று மின்வாரியம், இல்லையென்றால் பெண் விசாரிக்க வந்தவர். அவர் மீட்டர் பக்கம் திரும்பவே இல்லை.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததா? மாப்பிள்ளை வீட்டார் நேரே வரமாட்டார்கள். முதலில் ஓர் ஆளை விட்டு டீக்கடையில், மில்லில் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார்கள். நம் தெருவும், வந்தவர் யாரென்றே தெரியாதது மாதிரி இருந்து, நல்லதாக நாலு வார்த்தை கூட்டிச் சொல்லி அனுப்பும். என்னை விசாரிக்க உங்கள் அப்பா ஆள் அனுப்பியபோது நான் பத்தாவது பாஸ் என்று ஊரே சொன்னது. பெண் வீட்டு ஆளாக இருந்தும் அதில் உன் குரல்தான் பெரிய குரல்.

வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஏதோ அட்டையை எடுத்து நீட்டினார். நான் பெருந்தன்மையாக அவர் கையைப் பிடித்துத் தடுத்து, "அதெல்லாம் எதுக்குங்க, மொகத்தைப் பாத்தாலே தெரியுதே" என்றேன். அந்த அட்டையை மட்டும் வாங்கிப் படித்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

"உங்க பொண்ணு யார் யாரோட பழகும்?" என்று கேட்டார்.

கேழ்வரகு அரைக்க வந்திருந்த எதிர்வீட்டு மாதம்மா அக்கா முந்திக்கொண்டது. "அய்யோ, அது யாரோடவும் பழகாதுங்க. வூட்ட வுட்டு வெளிய வராது. தங்கம்!"

"பெங்களூர்ல ஒரு வருஷம் வேலை பாத்துச்சே?"

"யாரு சொன்னது? வவுத்தெரிச்சல் புடிச்சவங்க. பெங்களூரு எந்தப் பக்கம்னே அதுக்குத் தெரியாது."

அவர் நிமிர்ந்து மாதம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

"பிளஸ் டூ படிக்கறப்ப முருகேசன்னு ஒருத்தர் வூட்ல தங்கியிருக்குது. அவரு யாருங்க?"

"மாமனுங்க. என் சம்சாரத்தோட அண்ணன்."

"இப்ப எங்க இருக்காரு?"

இங்கேதான் நான் உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ போனதிலிருந்து இந்தக் கேள்வியை யார் கேட்டாலும், "வண்டிக்குப் போயிருக்காருங்க" என்றுதான் சொல்லி வருகிறேன். தொப்பூர் ஹோட்டல்காரர் கேட்டார், அதையே சொன்னேன். உன் பழைய கிளீனர் தேடிக்கொண்டு வந்தான், அவனிடமும் அதையே சொன்னேன். பொய் சொல்கிறோம் என்று நினைத்துச் சொன்னதில்லை. வாயைத் திறந்தால் அதுதான் வருகிறது.

"வெளியூருங்க" என்றேன்.

"எந்த ஊரு?"

மாமன் இல்லாத பெண், சீர் செய்ய ஆள் கிடையாது என்று போய்ச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் வேறு சேர்ந்துகொண்டது. மாதம்மாவின் மருமகன் இருக்கும் ஊர் நாக்கில் நின்றது. "மஸ்கட்டுங்க" என்றேன். "பெரிய கம்பெனிங்க. ஏகப்பட்ட வண்டி ஓடுது."

மாதம்மா விடுமா? "மருமவளுன்னா அவருக்கு உசிரு. வாரம் தவறாம போன் வரும்."

"என்ன பேசுவாரு?"

"படிப்பைப் பத்தித்தான். என்ன ஆராய்ச்சி, எதுவரைக்கும் வந்திருக்குதுன்னு ஒண்ணு விடாம கேப்பாரு."

அவர் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார். டீ வேண்டாம் என்றுவிட்டார். கௌரவமான இடம் போலிருக்கிறது என்று நானும் மாதம்மாவும் பேசிக்கொண்டோம்.

இரண்டு நாளில் கௌசி போன் செய்தாள். "அப்பா, மஸ்கட்ல எனக்கு யாருப்பா மாமா?"

கருவிகளை ஓட்டிப் பார்க்க ராணுவச் சோதனைத் திடலுக்குள் விடுவதற்கு முன்னால், படிக்கிற பிள்ளைகளைப் பற்றி ஊரில் விசாரிப்பார்களாம். வந்தவர் அதற்கான அதிகாரி. உன் வீட்டில் தங்கிப் படித்ததால் கௌசி விண்ணப்பத்தில் உன் பெயரையும் எழுதி, இறந்துவிட்டார் என்று குறித்திருக்கிறாள். நாங்களோ நீ வெளிநாட்டிலிருந்து வாராவாரம் ஆராய்ச்சியைப் பற்றி விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறோம். செத்ததாகக் கணக்குக் காட்டிவிட்டு வெளிநாட்டில் உட்கார்ந்து ராணுவ ரகசியம் கேட்கிற ஆள்! உன் வாழ்க்கையில் உனக்கு இவ்வளவு பெரிய பதவி கிடைத்ததில்லை மச்சான்.

ஆனால் அவள் சிரிக்கவில்லை. "எல்லாரும் கெளம்பறாங்கப்பா. என்னை மட்டும் நிறுத்தி வச்சிருக்காங்க. அங்க வச்சு ஓட்டிப் பாக்கலைன்னா என் கருவி வெறும் டப்பா. ரெண்டு வருஷம் போச்சு." அப்புறம் குரல் உடைந்தது. "மாமா செத்துட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு உங்களுக்கு என்னப்பா?"

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நானும் செல்வியும் தர்மபுரியில் அந்த அதிகாரியின் ஆபீசுக்குப் போனோம். அதே மனிதர், அதே மடிப்புக் கலையாத சட்டை. இந்தத் தடவை அட்டையை அவர் காட்டவில்லை, நானே கேட்டு வாங்கிப் படித்தேன். பெங்களூர் விஷயத்தை முதலில் ஒப்புக்கொண்டேன். பெண் விசாரிக்க வந்தவர் என்று நினைத்துவிட்டோம் என்றேன். அவர் உதடு லேசாக அசைந்தது. உடனே சரியாகிவிட்டது.

"முருகேசன் மஸ்கட்ல இல்லையா?"

"இல்லீங்க. மஸ்கட்டுக்கு எந்தப் பக்கம் போகணும்னே எனக்குத் தெரியாதுங்க."

"அப்ப எங்க இருக்காரு?"

வாயைத் திறந்தேன். "வண்டிக்கு..." என்று வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன். செல்வி பக்கத்தில்தான் இருந்தாள். உன் கூடப் பிறந்தவள், அவளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயால் கேட்க வேண்டும் என்று எத்தனை நாளாகக் காத்திருந்தாளோ?

"செத்துட்டாருங்க" என்றேன். "சேலம் ஆஸ்பத்திரியில. நெஞ்சுவலி. நான்தான் பக்கத்துல இருந்தேன்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"அன்னைக்கு எனக்கே தெரியாதுங்க."

அவர் வெகுநேரம் என்னைப் பார்த்தார். அது சந்தேகமா, பரிதாபமா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. அப்புறம் செல்விக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

கௌசிக்கு அனுமதி தாமதமாக வந்தது. மற்றவர்கள் திரும்பிய பிறகு தனியாகப் போனாள். அங்கிருந்து வந்ததும் போன் செய்தாள். "கேட்டுச்சாம்மா?" என்றேன். "கேட்டுச்சுப்பா" என்றாள். சொன்னதுக்கு அப்புறம் என்ன என்ற என் பழைய கேள்வி தொண்டைவரை வந்தது. குரலில் அவ்வளவு சந்தோஷம் இருந்ததால் விழுங்கிவிட்டேன். விழுங்கினது செரிக்கவில்லை. இன்னொரு நாள் கேட்பேன்.

போன வாரம் மில்லுக்கு இன்னொருவர் வந்தார். பையில் அரைப்படி கேழ்வரகு. அதை அரைக்க யார் பத்து மைல் வருவார்கள்? "பொண்ணு எம்.டெக் படிக்குதாமே" என்று ஆரம்பித்தார். "மொதல்ல அட்டையைக் காட்டுங்க" என்றேன். அவர் பயந்துபோய் ரேஷன் கார்டை எடுத்தார். நிஜமாகவே மாப்பிள்ளை வீட்டு ஆள்! மாதம்மா தலையில் அடித்துக்கொண்டது.

"பொண்ணுக்குத் தாய்மாமன் இருக்காருங்களா?" என்று கேட்டார்.

"இருந்தாருங்க. இறந்துட்டாரு" என்றேன். இரண்டாவது தடவை கொஞ்சம் லேசாக இருந்தது. அவர் போன பிறகு மில்லை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மச்சான், கௌசிக்கு எப்போது கல்யாணம் நடந்தாலும், தாடிக்காரனோடு நடந்தாலும், மாமன் நிற்கிற இடத்தில் வேறு யாரையும் நிறுத்தமாட்டேன். சீர்த்தட்டை உன் தங்கையும் நானும் தூக்கி வருவோம். மாமன் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு மஸ்கட் என்று சொல்லமாட்டேன், வண்டிக்குப் போயிருக்கிறார் என்றும் சொல்லமாட்டேன். எங்கே, எப்படி, யார் பக்கத்தில் இருந்தது என்று முழுசாகச் சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
பத்தாவது பாஸ் என்று நீ சாட்சி சொல்லித் தங்கையைக் கட்டிக்கொடுத்த
உன் மாப்ளை சின்னசாமி