பின்சில்லுப் பக்கத்து மணம்

சாய்ந்தமருது,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மகன் ஜுனைடுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் இங்கு நாங்கள் எல்லோரும் எழுந்து நடமாடுகிற அளவுக்குச் சுகமாக இருக்கிறோம், கட்டார் வெயிலில் உன் உடம்பும் அப்படியே இருக்க வேண்டும் என்று கேட்காத தொழுகை இல்லை. உம்மாவுக்கு முழங்கால் நோவு கூடியும் குறைந்தும் வருகிறது, மருந்தைக் குடி என்றால் நாளைக்குப் பார்ப்பம் என்கிறா. தங்கச்சி அம்ஹாவுக்கு ஏழாம் மாதம், பிள்ளையின் நிறை காணும் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வருத்தம் என்று சொல்ல ஒன்றுமில்லை, அலுப்புத்தான். இந்த அலுப்பில் பாதி உன் காரால் வந்தது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வட்ஸ்அப்பில் போட்டால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுவாய். தாளில் எழுதினால் இருந்து வாசிப்பாய் என்று முபாறக் மாஸ்டரின் மகனிடம் கொடுத்துவிடுகிறேன், அவன் லீவு முடிந்து திரும்புகிறான். கருவாட்டுப் பொதி ஒன்றும் அவனிடம் இருக்கிறது, அதை வாங்க மறந்துவிடாதே, உம்மா சுத்திச் சுத்திக் கட்டியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கார் இருக்கிறது, விற்கவில்லை. நீ போகும்போது சொன்ன இரண்டையும் நான் விடாமல் செய்து வந்தேன். கிழமைக்கு ஒரு தரம் ஓட்டச் சொன்னாய், வியாழக்கிழமைகளில் அக்கரைப்பற்று வரைக்கும் போய் வந்தேன். தாங்கியைக் காலியாக விடாதீங்க வாப்பா, கடற்காத்துக்கு உள்ளுக்குத் துருப்பிடிக்கும் என்றாய், அதனால் வருகிற வழியில் பெற்றோல் செட்டில் ஏற்றிக்கொண்டு வந்து போர்ட்டிகோவில் விட்டேன். இரண்டு பேர் மட்டும் நிலத்தோடு நிலமாகக் குந்தியிருந்து போகிற ஸ்போர்ட்ஸ் கார், இந்த வயதில் அதில் ஏறுவதும் இறங்குவதும் எனக்கு ஒரு வேலை. ரோட்டில் போகும்போது ஹாஜியாருக்கு இப்பதான் வாலிபம் திரும்பியிருக்கு என்று சந்தியில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள், அதற்கும் பழகிவிட்டேன்.

நோன்பு முடிந்த கையோடு அம்ஹாவின் அறைக்குள் பெற்றோல் மணம் வரத் தொடங்கியது. அவளுடைய சன்னல் போர்ட்டிகோப் பக்கம் என்பது உனக்குத் தெரியும். நாங்கள் யாரும் பெரிதாக எடுக்கவில்லை, பழைய கார், கொஞ்சம் மணக்கத்தான் செய்யும் என்று விட்டோம். அவள் சாப்பிட்டது ஒன்றும் வயிற்றில் நிற்காமல் போனபோதுதான் பாண்டிருப்புக் குணத்தைக் கூப்பிட்டேன், கராஜ் வைத்திருக்கிற அந்தக் குணம்தான், நீ முன்பு பிரேக் செய்வித்தவர். அவர் முன் பொனட்டைத் திறந்து பார்த்து, எஞ்சினுக்குப் பெற்றோல் போகிற ரப்பர் ஹோஸ் காய்ந்து வெடித்திருக்கு காக்கா, இதுதான் என்று அதை மாற்றிப் புதுக் கிளிப்பும் போட்டார். மணம் நின்றது. நாங்களும் அல்ஹம்துலில்லாஹ் என்று இருந்தோம். அந்த வியாழன் எனக்குக் காய்ச்சல், அடுத்த வியாழன் மழை, காரை எடுக்கவே இல்லை. அதற்கடுத்த வியாழன் ஓட்டி வந்து நிறுத்தினேன், மணமும் திரும்ப வந்து நின்றது. குணம் திரும்ப வந்து தாங்கி மூடியின் வாசரை மாற்றினார், அதற்கும் அசையவில்லை. என்ட மூக்கையும் எஞ்சினையும் ஒண்டாக் கழட்டித்தான் பாக்கணும் என்று அவரே சலித்துக்கொண்டு போனார்.

இதற்குள் வீட்டில் கதை வேறு மாதிரிப் போகத் தொடங்கியது. மருமகன் அப்ராஸ் நல்ல மனிசன், முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் இது இப்போது அவர்களுடைய வீடு, சீதனமாக எழுதிக் கொடுத்தாயிற்று, நானும் உம்மாவும் பின் வளவில் கட்டின இரண்டு அறையில் இருக்கிறோம். அவர் மோட்டர் சைக்கிளை வேலியோரம் மழையில் விடுகிறார், உன் கார் போர்ட்டிகோவில் நிழலில் நிற்கிறது. உங்கட காக்காட கார் நம்மட பிள்ளைக்கு முந்திப் பிறந்த பிள்ளை, அதுக்குத்தான் முதல் இடம் என்று அம்ஹாவிடம் சிரித்துச் சொன்னாராம். அவள் மணக்குது மணக்குது என்றபோதெல்லாம், பிள்ளைத்தாச்சிக்கு மீன் ஆணமும் பெற்றோல் மாதிரித்தான் மணக்கும் என்று அவர் பகிடி பண்ண, நீங்க கல்முனையில எந்தக் கடையில கொத்து ரொட்டி திண்டுட்டு வந்து பசியில்லை எண்டு சொல்றீங்க எண்டும் எனக்கு மணத்துல தெரியும் என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். அதன்பிறகு அவர் அந்தப் பகிடியை விடவில்லை. ஆனாலும் பிள்ளை வருவதற்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. அக்கரைப்பற்றில் ஒரு பொடியன் அந்தக் காரில் கண் வைத்திருந்தான், கூப்பிட்டால் அன்றைக்கே வருவான். நான் கூப்பிடத்தான் இருந்தேன் மகன், உன்னிடம் மறைக்கவில்லை. உம்மாதான் விடவில்லை. ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லமாட்டா, அது அவன்ட சாமான், அவன் வந்து விக்கட்டும் என்பதோடு சரி.

அதற்குப் பிந்திய வியாழக்கிழமை நடந்ததை எழுதுகிறேன், நீ பயப்படாதே, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வியாழன் பொழுது பட்டால் வெள்ளி இரவு, அதற்கு உம்மா வீடெல்லாம் சாம்பிராணி பிடிக்கிறது உனக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், நீ போன நாளிலிருந்து அறைகளுக்கு எல்லாம் பிடித்துவிட்டுக் கடைசியாக உன் காரையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவா. கண்ணூறு பட்டிருக்கும் என்பா. நானும் மஃரிபுக்குப் பள்ளிக்குப் போய்விடுவதால் நின்று பார்த்ததில்லை. சாம்பிராணிப் புகை எழும்பினால் வேறு மணம் எதுவும் யாருக்கும் பிடிபடாது, எங்களுக்கு அந்த மணம் இத்தனை நாள் சரியாகப் பிடிபடாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அன்றைக்கு அம்ஹா அறைக்குப் புகை வேண்டாம், ஓங்காளிக்குது என்று கதவைச் சாத்திவிட்டுச் சன்னலடியில் இருந்திருக்கிறாள். உம்மா தணல் சட்டியோடு காரின் பின்பக்கம் போய், முழங்கால் நோவோடு பின்சில்லுக்குக் கிட்டக் குனிந்திருக்கிறா. சன்னலுக்கு நேரே அந்தச் சில்லு. அங்கிருந்துதான் குப்பென்று மணம் வந்திருக்கிறது. உம்மா, சட்டியோட அங்கால போங்க, போங்க உம்மா என்று அவள் போட்ட சத்தம் பக்கத்துப் பள்ளி முற்றத்தில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. நான் ஓடி வரும்போது உம்மா வாசல் மணலில் இருக்கிறா, சட்டி தூரத்தில் கவிழ்ந்து கிடக்கிறது, மருமகன் தணலுக்கு மேல் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் அவன்ட காருக்கு நல்லதுக்குத்தானே செஞ்சன் என்று உம்மா அதையே சொல்லிக்கொண்டிருந்தா.

அப்போதே நாங்கள் இரண்டு பேருமாகக் காரை எஞ்சினைத் தொடாமல் தள்ளிக்கொண்டு போய் வெளியே வெறும் வளவில் விட்டோம். விடிந்ததும் மருமகன் போய் முழங்காலில் இருந்து ஒவ்வொரு சில்லாக மணந்து பார்த்தார். எழும்பி வந்து, அம்ஹா சொன்னது சரி மாமா, பின்னுக்குத்தான், பெற்றோல் வாயிருக்கிற பக்கம் என்றார். அம்ஹா இன்னொன்றும் சொன்னாள், அதுதான் முக்கியம். வியாழன் வெள்ளிதான் வாப்பா தாங்க ஏலாது, மறுகா குறைஞ்சு குறைஞ்சு போகும், நீங்க காய்ச்சலாக் கிடந்த கிழமை மணக்கவே இல்ல என்றாள். நான் அன்றைக்குத்தான் யோசித்தேன். குணம் ஹோஸ் மாற்றி மணம் நின்றதென்று நினைத்தோமே, அது ஹோஸ் மாற்றியதால் நின்றதல்ல, நான் போய் நிரப்பாததால் நின்றது.

நிரப்புகிற விதத்தையும் எழுத வேண்டும். பெற்றோலுக்குக் கியூவில் கிடந்த காலத்தில் பழகிய பழக்கம், பம்பு தானாக நின்ற பிறகும் நாங்கள் ஒருவரும் விடுவதில்லை. கழுத்து வரைக்கும் அடி தம்பி என்று சொல்லிவிட்டு, இறங்கி நின்று காரைக் குலுக்குவோம், காற்று வெளியேறி இன்னும் கொஞ்சம் இறங்கும் என்று. கியூ போய்விட்டது, குலுக்கல் போகவில்லை. இங்கே செட்டில் போய்ப் பார், மோட்டர் சைக்கிளிலிருந்து வேன் வரைக்கும் எல்லாரும் குலுக்கிக்கொண்டு நிற்கிறார்கள், நானும் உன் காரைத்தான் வியாழக்கிழமை தோறும் குலுக்கினேன். குணத்திடம் இதைச் சொன்னதும் பின்சில்லைக் கழற்றி, உள்ளே இருந்த பிளாஸ்டிக் மறைப்பையும் கழற்றினார். பெற்றோல் ஊற்றுகிற வாயையும் தாங்கியையும் சேர்க்கிற தடித்த ரப்பர்க் குழாய் ஒன்று அங்கே இருக்கிறது, மேல் வளைவில் சுற்றி வர வெடிப்பு. தாங்கி பாதியாக இருந்தால் பெற்றோல் அந்த இடத்துக்கு வராது, மணமும் இல்லை. கழுத்து வரைக்கும் அடித்தால் குழாய்க்குள்ளேயே பெற்றோல் நிற்கும், அஸர் நேரத்துச் சாய்வெயில் போர்ட்டிகோவுக்குள் வந்து சூடேற்றினால் பெருகிக் கசியும். சொட்டாது, அதனால் நிலத்தில் அடையாளமும் இல்லை, தாங்கியின் பக்கவாட்டில் புழுதி கழுவப்பட்டு ஒரு கோடு மட்டும் இருந்தது. முன்னுக்குத் தேடித் தேடிக் கெட்டன், கேட்டிருந்தா முதல் நாளே பிடிச்சிருப்பன் என்று குணம் சொன்னார். நானும் தான் சொல்லவில்லை. குலுக்குவதெல்லாம் ஒரு விசயமென்று யார் நினைத்தது.

அந்த வளைந்த குழாய் இங்கே கிடைக்கவில்லை. நேர்க் குழாயை வளைத்துப் போடலாமா என்று கேட்டேன், மடிஞ்ச இடத்துல திரும்ப வெடிக்கும் காக்கா, வீட்டுல பிள்ளைத்தாச்சி இருக்கிற இடம், அந்த வேலை நான் செய்யமாட்டன் என்றுவிட்டார். கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் சொல்லிவைத்துப் புதிதாகவே எடுத்தோம், பஸ்ஸில் வந்து சேர்ந்தது. பழைய கிளிப்புகளையும் விட்டெறிந்து புதிது போட்டார். பிறகு வெள்ளைத் துணியொன்றைக் குழாயைச் சுற்றிக் கட்டி, ஒரே ஒரு தரம் பார்ப்பதற்காகக் கழுத்து வரைக்கும் நிரப்பி, வெறும் வளவில் வெயிலில் விட்டோம். அடுத்த நாள் துணியை அவிழ்த்து அம்ஹாவின் கையில் கொடுத்தோம், இந்த வீட்டில் இப்போது அவளுடைய மூக்குத்தான் தீர்ப்பு. மணந்து பார்த்துவிட்டு, இதுல குணண்ணன்ட கை மணம்தான் வருது என்றாள். அதோடு விசயம் முடிந்தது.

ஆனால் கார் திரும்பப் போர்ட்டிகோவுக்கு ஏறவில்லை மகன், ஏறவும் மாட்டாது. நான்தான் அப்படிச் சொன்னேன், மருமகன் பரவாயில்லை மாமா விடுங்க என்றுதான் நின்றார். வேலியோரம் தகரக் கூரை ஒன்று போட்டு அதற்குள் விட்டிருக்கிறேன், மோட்டர் சைக்கிள் இப்போது போர்ட்டிகோவில். ஆம்பிளைப் பிள்ளையின் சாமான் அவன் மாப்பிள்ளையாகப் போகிற வீட்டில்தான் நிற்க வேண்டும், எங்கள் ஊர் வழக்கம் அதுதானே. ஆதம்பாவா ஹாஜியார் சென்ற கிழமை உனக்கு ஒரு இடத்துக் கலியாணப் பேச்சு கொண்டு வந்தார். பிள்ளை எப்படி, படிப்பு என்ன என்று உம்மா கேட்பா என்று நான் பார்த்திருக்க, அந்த வீட்டுக் கேட்டு எவ்வளவு அகலம் என்று கேட்டா. ஹாஜியார் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார்.

பிறகு உம்மாவிடம் தனியாகக் கேட்டேன், சரி செய்தாயிற்று, இப்போது விற்றால் நல்ல விலைக்கும் போகும், ஏன் வேண்டாம் என்கிறாய் என்று. அப்போதுதான் சொன்னா, போன பெருநாளுக்கு வாறன் எண்டான், வரல்ல, அதுக்கு முந்தின பெருநாளைக்கும் அப்படித்தான், அவன் போன் எடுத்தா முதல்ல காரைத்தான் கேக்கிறான், காரும் இல்லாட்டி எதைக் கேட்டு எடுப்பான் என்று. நீ இதற்குப் பதில் எழுத வேண்டாம். நான் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறேன், கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை.

இனி வியாழக்கிழமை ஓட்டம் எனக்கு முடியாது, இடுப்புக் கேட்குதில்லை. மருமகன் இடைக்கிடை எஞ்சினைப் போட்டு வைப்பார், அவரே கேட்டு வாங்கின வேலை. உம்மா வெள்ளி இரவுக்குச் சட்டியோடு இப்போது வாசற்படியைத் தாண்டுவதில்லை, படியில் நின்று காருக்கு ஓதி ஊதிவிட்டு உள்ளே வந்துவிடுகிறா. நீ அங்கே வெயிலில் அலையாதே, தண்ணீரை நிறையக் குடி, சுபஹுத் தொழுகையைப் பிந்த விடாதே. தங்கச்சிக்கு ஒரு தரம் எடுத்து, காரைக் கேட்காமல் அவளைக் கேள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தரட்டும், உன்னை எங்கள் கண்ணுக்குக் காட்டட்டும். மறந்துவிடாதே, பிள்ளை பிறந்த நாற்பதாம் நாளுக்கு நீ இங்கே நிற்க வேண்டும். தாங்கியில் இப்போது முக்கால் இருக்கிறது, இனி ஒருவரும் நிரப்பமாட்டோம். விமான நிலையத்துக்கு வந்து உன்னை ஏற்றிக்கொள்ள அது காணும், அந்த ஒரு ஓட்டத்துக்கு என் இடுப்பும் கேட்கும். இரண்டு இருக்கைதான் என்பதால் உம்மா வரமுடியாது, கேட்டடியில் நிற்பா.

உன் வாப்பா,
காலிதீன்.