கிணற்றுமேட்டில் மழைக்கு அப்புறம்

சிங்காநல்லூரில் இன்று மதியம் மழை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று மண்வாசனையை மெச்சிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அந்த வாசனையே ஆகாது. ஜன்னலைச் சாத்துகிறேன், திறக்கிறேன், மறுபடி சாத்துகிறேன். காரணம் தெரிந்தவள் நீ ஒருத்திதான். நீயும் கண்ணை மூடி மூன்று வருஷமாகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், ஈரோட்டுக்கு அந்தப் பக்கம், மழையை நம்பி வெள்ளாமை செய்கிற அந்த மானாவாரிக் காடு நினைவிருக்கிறதா? சுரங்கம் தோண்டுவதற்கு முன் அந்த மண்ணில் இயற்கையாகவே எவ்வளவு கதிர்வீச்சு இருக்கிறது என்று அளந்துவர ஆபீசில் நம் இருவரையும் அனுப்பினார்கள். கருவியை இடுப்பு உயரத்தில் பிடித்து நீ அளவைச் சொல்வாய், நான் எழுதுவேன். பக்கத்தின் அடியில் இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்தப் பக்கம் செல்லாது.

காட்டுக்குச் சொந்தக்காரர் ராமாத்தாக்கா நம் பின்னாலேயே நடந்துவந்தார். "ஏனுங்க அம்மணி, அந்தப் பொட்டி என்னங்க சொல்லுது?"

"இன்னைக்கு இருக்கறதச் சொல்லுதுங்கக்கா. நாளைக்கு சொரங்கம் வந்து கூடுச்சுன்னா, இதைக் காட்டித்தானுங்க நீங்க கேக்கோணும்" என்றாய்.

கடைசி நாள், அவருடைய கிணற்றுமேட்டுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. விட்டதும் அளந்தால் அளவு எகிறி நின்றது. "காத்துல இருக்கற கதிர்வீச்சுத் தூசையெல்லாம் மழை கழுவி மண்ணுல எறக்கியிருக்கும். மூணு மணி நேரமாச்சும் போகட்டும் புள்ள" என்றாய். அன்று சாயங்காலம் சோமனூரில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். "எழுதிப்போட்டுப் போலாம் வா, யாரு பாக்கப்போறாங்க?" என்றேன். என் வாயில் மண்ணைப் போட! முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நீ எனக்காகக் கையெழுத்துப் போட்டாய். வந்தவர்கள் பஜ்ஜி தின்றுவிட்டுப் போனதோடு சரி.

மூன்றாம் நாள் நீ தனியாகவே பஸ் ஏறிப் போய், காய்ந்த மண்ணில் மறுபடி அளந்து, தாளை என் முன்னால் வைத்தாய். அளவு நன்றாகக் குறைந்திருந்தது. பழைய பக்கத்தை ஆபீசில் கொடுத்தாயிற்று, இப்போது மாற்றினால் என் வேலை போய்விடும் என்று கத்தினேன். கையெழுத்துப் போடவில்லை. நீ அந்தத் தாளை மடித்து என் பையில் செருகினாய். "உங்கிட்டயே இருக்கட்டும். என்னைக்காச்சும் உறுத்தும்."

உறுத்துகிறதடி. போன வாரம் ராமாத்தாக்காவின் மகள் என்னைத் தேடிப்பிடித்து வந்தாள். சுரங்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. கிணற்றுமேட்டில் இப்போது எடுத்த அளவு, அன்று மழை விட்டதும் நாம் எழுதிக்கொடுத்த அந்த எகிறிய அளவுதானாம். "ஒண்ணுமே கூடலைன்னு சொரங்கத்துக்காரங்க உங்க பேப்பரையே காட்டறாங்கங்க. பொட்டி கொண்டாந்த புள்ளைங்க பொய் எழுத மாட்டாங்கன்னு அம்மா சாகற வரைக்கும் சொல்லீட்டிருந்துச்சுங்க" என்றாள். நான் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

இன்று மழை விட்டதும் பெட்டியைக் கிளறி அந்தத் தாளை எடுத்தேன். மஞ்சளாகிப் போயிருக்கிறது. உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். பேனா பழைய தேதியை எழுதத்தான் போனது. நீ எதிரே நின்று பார்க்கிற மாதிரி இருந்தது. இன்றைய தேதியையே போட்டேன். இனி இது செல்லுமோ செல்லாதோ, தெரியவில்லை.

காலையில் தாளை ராமாத்தாக்காவின் மகளிடம் கொடுக்க ஈரோட்டுக்குப் பஸ் ஏறுகிறேன். ஏனுங்க இத்தனை வருஷம் இதை வெச்சிருந்தீங்க என்று அந்தப் பெண் கேட்பாள். அன்று என்னைப் பெண் பார்க்க வந்தார்கள் என்று சொல்வேன்.