இடப் பக்கத்துப் படகுத்துறை

ஜூன் 5, வியாழன்

ஏரியின் பழைய அஞ்சலட்டை ஒன்றை முகநூல் குழுவில் போட்டேன். கீழே தெளிவாக எழுதியிருந்தேன்: "நம் ஊர் ஏரி. நுழைவாயிலில் நின்று எடுத்தது. மரப்பாலம் உடைவதற்கு முந்தைய கோடை." முதல் கேள்வி: "இது எந்த ஊர்?" அடுத்தது: "எங்கிருந்து எடுத்தது?" மூன்றாவதாக ஒரு ரோஜாப்பூ, அதன்மேல் "இனிய காலை வணக்கம்". மணி மாலை ஆறு.

பழைய படங்களுக்கான இந்தக் குழு பெரியப்பாவுடையது. மூடிப்போன ஸ்டுடியோ ஒன்றிலிருந்து ஒரு பெட்டி நிறைய அஞ்சலட்டைகளும் நெகட்டிவ்களும் வாங்கி வந்தார். அத்தோடு அவர் வேலை முடிந்தது. தூசி துடைப்பது, ஸ்கேன் செய்வது, நூலகத்தில் தேடிக் குறிப்பு எழுதுவது எல்லாம் நான். பாராட்டு வந்தால் நன்றி சொல்வது மட்டும் மறுபடியும் அவர்.

ஜூன் 8, ஞாயிறு

பெட்டியின் அடியில் ஒரு நெகட்டிவ், உறைமேல் "நுழைவாயிலிலிருந்து" என்ற குறிப்புடன். திரையில் படம் விரிந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். பனியில் மலையே தெரியவில்லை. ஏரி, படகுகள், சீருடையில் நான்கு படகோட்டிகள். ஆனால் படகுத்துறை இடப் பக்கம்! இன்றைக்கு இருப்பது வலப் பக்கம். அப்படியானால் துறை இடம் மாறியிருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. நான் கண்டுபிடித்திருக்கிறேன் — நான்!

"காணாமல் போன படகுத்துறை" என்று தலைப்பு வைத்துப் போட்டுவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

முந்நூறு பேர் விருப்பம் போட்டிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் குறுக்கே நிற்கிறார். ஏரிக்கரையில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர், எல்லாருக்கும் அவர் டிக்கெட் சார். "முப்பது வருஷம் அங்க டிக்கெட் கிழிச்சவன் நான். இடப் பக்கம் முச்சூடும் பாறை. படகு கட்டினா மறுநாள் விறகுதான், பாப்பா."

பாப்பாவாம். பத்தாம் வகுப்பு படிக்கிறேன்.

"நினைவு தவறலாம் சார், படம் தவறாது" என்று பதில் போட்டேன். நல்ல வாக்கியம். இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

ஜூன் 12, வியாழன்

நான்கு நாளாக ஒரே பாட்டு. பாறை, பாறை, பாறை! யாரோ "பெரிசுக்கு மறதி" என்று எழுத, பத்துப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அவருக்கு ரோஷம் வந்து, "முளைச்சு மூணு இலை விடல, எனக்கு ஏரியச் சொல்லித் தருது" என்று என்னைப் பற்றி எழுதிவிட்டார்.

நேராகப் பெரியப்பாவிடம் போய்க் காட்டினேன்.

"அவரக் குழுவ விட்டே தூக்கிரவா?"

தலையாட்டினேன். தூக்கிவிட்டார். அப்பாடா.

ஜூன் 17, செவ்வாய்

சுற்றுலா அலுவலகத்தின் அதிகாரியம்மா பேசினார்! ஏரி நுழைவாயிலில் பெரிய பலகை வைக்கிறார்களாம், அதில் என் படம். கீழே "கண்டெடுத்தவர்" என்று என் பெயர். பெரியப்பா உடனே தன் பெயர் எவ்வளவு பெரிதாக வரும் என்று விசாரித்தார்.

படம் இன்னும் துல்லியமாக வேண்டுமாம். மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

பெரிதாக ஸ்கேன் செய்தேன். படகோட்டிகளின் முகம், பொத்தான், எல்லாம் தெரிகிறது. சட்டைப் பையும் தெரிகிறது. நான்கு பேருக்கும் வலப் பக்கம்.

அந்தக் காலத்தில் அப்படித் தைப்பார்களோ? அப்பாவின் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு சட்டையாக எடுத்தேன். இடம், இடம், இடம். பெட்டியிலிருந்த மற்றப் படங்களிலும் பை இடப் பக்கம்தான்.

"பரீட்சைய வச்சுக்கிட்டு அப்பா சட்டைல என்னடி புதையலா தேடற?" என்றாள் அம்மா.

நெகட்டிவை எடுத்து, பளபளப்பான பக்கம் எது, மங்கலான பக்கம் எது என்று பார்த்தேன். புரட்டி வைத்திருக்கிறேன். இரண்டு தடவையும். சரியாக வைத்து ஸ்கேன் செய்தால் துறை வலப் பக்கம், இன்றைக்கு எங்கே இருக்கிறதோ அதே இடத்தில். காணாமல் போகவே இல்லை. இடப் பக்கத்தில் கரும்பாறைகள். இருட்டு நிழல் என்று நினைத்தேனே — பாறை. அவர் சொன்ன பாறை.

படம் தவறாதாம். நான் ஒரு மண்டு.

ஜூன் 21, சனி

பெரியப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரி, இப்ப யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் பெரியப்பா."

"அத உன்னோட வச்சுக்க. பலகைல நம்ம பேரு வரப்போகுது. டூரிஸ்ட்டு வந்து சட்டைப் பையவா பாக்கப்போறான்?"

"டிக்கெட் சாரைத் திரும்பச் சேர்த்துக்கவாவது செய்யுங்களேன்."

"அவர் உன்னத்தானே திட்டினாரு! உனக்காகத்தானே தூக்கினேன்!"

அதுவும் உண்மைதானே.

ஜூன் 24, செவ்வாய்

பள்ளி விட்டதும் டிக்கெட் சார் வீட்டுக்குப் போனேன். கேட்டைத் திறக்காமல், "யாரு?" என்றார்.

"நான்தான் சார். மூணு இலை."

அவர் சிரிக்கவில்லை. தவறான படம், சரியான படம் இரண்டையும் அச்செடுத்துப் போயிருந்தேன்; கம்பிக்கு ஊடே நீட்டினேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஏசினது ஊரு முன்னாடி. மன்னிப்பு மட்டும் வீட்டு வாசல்லயா? எனக்கு மறதின்னு எழுதினத என் மருமக படிச்சா, பேரன் படிச்சான். போம்மா. சொல்றதுன்னா அங்க போய்ச் சொல்லு."

வழியெல்லாம் எரிச்சல். கிழவருக்கு எவ்வளவு வீம்பு! வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது எரிச்சல் போய்விட்டது. அவர் கேட்டதில் என்ன தப்பு?

ஜூன் 25, புதன்

பெரியப்பா எழுவதற்கு முன் போட்டேன். இரண்டு படங்களும் அருகருகே. "நெகட்டிவைத் திருப்பி வைத்தது நான். டிக்கெட் சார் சொன்னது சரி. அவரை நீக்கச் சொன்னதும் நான்தான்."

முதல் பதில்: "அருமையான பதிவு." இரண்டாவது: "இது எந்த ஊர்?"

கடவுளே.

நாற்பது நிமிடம் இருந்தது. பிறகு பெரியப்பா எழுந்தார். பதிவு போயிற்று. என்னையும் தூக்கிவிட்டார். அம்மாவிடம் போனில், "உன் பொண்ணு குழு மானத்த வாங்கிட்டா" என்றாராம்.

மாலையில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு வரி: "மருமக காட்டினா. நாளைக்கு நாலு மணிக்கு சுற்றுலா ஆபீஸ். அந்த ரெண்டு படத்தையும் எடுத்துக்கிட்டு வா."

ஜூலை 6, ஞாயிறு

பலகை வைத்துவிட்டார்கள். டிக்கெட் சாரும் நானும் ஆபீசில் கொடுத்த சரியான படம்தான்; துறை வலப் பக்கம். என் பெயர் இல்லை, பெரியப்பா பெயரும் இல்லை. "பழைய படம்" என்று மட்டும் போட்டிருக்கிறது. பார்த்துவிட்டு வரும் வழியில் கொஞ்சம் அழுகை வந்தது, எழுதாமல் விட்டால் பொய்யாகும்.

டிக்கெட் சாரும் நானும் தனியாக ஒரு குழு தொடங்கியிருக்கிறோம். இரண்டே பேர். இன்று அவர் போட்ட அஞ்சலட்டை எந்த வருடத்தது என்று ஒரு மணி நேரம் சண்டை. மனிதர் அரை வருடம்கூட விட்டுக்கொடுப்பதில்லை. பாப்பா என்பதையும் விடவில்லை.

சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் பெரியப்பா விண்ணப்பம் அனுப்பியிருக்கிறார். என்ன செய்யலாம் சார் என்று கேட்டேன்.

"ஒரு வாரம் வெளியவே நிக்கட்டும்" என்கிறார்.

நான் மூன்று நாள் போதும் என்று வாதாடிக்கொண்டிருக்கிறேன்.