கப்பலை விற்றோம்

ஜூன் 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பெரிய மழை இன்னும் வரவில்லை. பால்கனித் துணி மூன்றாம் நாளாக ஈரம். ஸ்கூல் ஆபீஸில் அட்மிஷன் கூட்டம். ஒரு அப்பா நனைந்த குடையை என் மேஜை ஃபைல் மேலேயே வைத்தார். முறைத்தேன். எடுக்கவில்லை.

செய்ய வேண்டியது: காஸ் புக் பண்ண. பிரவீன் சட்டை, தையல்காரர். கப்பலின் ஆர்.சி. புத்தகம் தேட. இவர் "பீரோவுலதான் இருக்கு" என்கிறார். பீரோவில் இல்லை.

கப்பலுக்கு ஆள் கிடைத்துவிட்டது. போன பிறகு மறந்துவிடும், எழுதி வைக்கிறேன். கப்பல் என்று நாங்கள் வைத்த பேர்தான், அமெரிக்கக் கார், கறுப்பு. இருபது அடி நீளம். டிரைவருக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு, பின்னால் மடக்கு சீட் இரண்டு. மில் முதலாளி வீட்டு வண்டி. மில் மூடியபோது டிரைவராக இருந்த மாமனாருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தாராவி லேபர் கேம்பில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை ஊர்வலம் இதில்தான். ஓட்டியது இவருடைய அண்ணன், தங்கராஜ் அத்தான். மூன்று வருஷமாக வாடகை இல்லை, கேம்ப் ஷெட்டில் நிற்கிறது. அத்தான் டோம்பிவிலி மகன் வீட்டிலிருந்து தினமும் ரயிலேறி வந்து துடைத்துவிட்டுப் போகிறார்.

வருகிற பணம் பிரவீனுக்கு ஒரு ரூம் பார்க்க. ஆவணியில் கல்யாணம். செம்பூரில் இந்த ஒரு பெட்ரூம் வீட்டில் மருமகளை எங்கே வைப்பது.

அத்தானுக்குப் பயந்துகொண்டேதான் போன் பண்ணினேன்.

"நல்லதுதான செல்வி. பிள்ளைக்கு ஒரு எடம் அமையட்டும். என்னைக்கு எடுக்காங்கன்னு மட்டும் நாலு நாளு முன்னாலயே சொல்லிரு."

கடைசியாக ஒரு பாலிஷ் போடுவாராயிருக்கும்.

ஜூன் 11, வியாழன்

 

வாங்குகிறவர் புனேக்காரர், பழைய கார் சேர்ப்பவர். வண்டியைப் பார்க்க சாவந்த் என்று ஒரு மெக்கானிக்கை அனுப்பியிருந்தார். பன்னிரண்டுக்கு வருகிறேன் என்ற மனுஷன் பத்துக்கே கேம்ப் முனையில் நிற்கிறார். இவருக்கு டியூட்டி. அத்தான் இன்னும் வரவில்லை. அரைநாள் லீவு போட்டு, மாற்றுச் சாவியோடு நானே போய்த் திறந்தேன்.

பானெட், அடிப்பக்கம், வயர், எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மலர்ந்தது. பிறகு டார்ச்சை அணைத்தார். மெதுவாக ஹிந்தியில் கேட்டார்: இதில் யார் படுக்கிறார்கள்?

சிரித்தேன். மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மும்பை மழையில் மூன்று வருஷம் பூட்டிய வண்டி என்றால் சீட்டில் பூஞ்சை பிடித்திருக்கும், வயரை எலி தின்றிருக்கும். இதில் ஒரு பல் தடம்கூட இல்லை. தினமும் ஆள் படுத்து எழுந்தால்தான் இப்படி இருக்கும், முப்பது வருஷமாக இதே வேலை, எனக்குத் தெரியும் என்றார். பின்சீட்டில் விரித்திருந்த வெள்ளைத் துண்டை எடுத்தார். கதவோரம், தோல் உறையில், வட்டமாக எண்ணெய்க் கறை. ஒரு தலை அளவு.

பிறகு டிக்கியைத் திறந்தேன். கைலி இரண்டு. சட்டை நான்கு, மடித்து. சோப்பு டப்பா. கொசுவத்தி. பிரஷர் மாத்திரை. சவர பிரஷ், ஈரமாக. என் வீட்டு டிபன் டப்பா ஒன்று, எங்கே தொலைத்தாய் என்று பிரவீனை நான் திட்டித் தீர்த்த டப்பா.

சட்டைகள் எனக்குத் தெரியும். ஒன்று போன தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்தது.

சாவந்த் துண்டை மறுபடி விரித்துவிட்டார், இருந்த மாதிரியே. டிக்கியை மூடினேன்.

பன்னிரண்டுக்கு அத்தான் வந்தார், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "குர்லாவுல அரை மணி நேரம் நிறுத்திட்டான் செல்வி. காலு வைக்க எடமில்ல."

"ஆமா அத்தான், மழைல்லா" என்றேன். என் வாயிலிருந்து அப்படித்தான் வந்தது.

எத்தனை ரயில் கதை. எந்த ஃபாஸ்ட் வண்டி ரத்து, எந்த பிளாட்பாரம் மாறியது. டீக்கடையில் கேட்டு வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். நானும் உச்சுக் கொட்டியிருக்கிறேன்.

ஜூன் 12, வெள்ளி

இவர் ஷேவ் பண்ணும்போது கேட்டேன். அத்தான் வண்டியிலா படுக்கிறார்?

கண்ணாடியைப் பார்த்தபடியே "ம்" என்றார்.

 தெரியாது என்று சொல்வார், பதறுவார் என்று நினைத்திருந்தேன்.

"எப்பவிருந்து?"

"மதினி தவறுன பிறவு. டோம்பிவிலியில மருமகளோட அப்பா அம்மா வந்து தங்குனாங்கல்லா, அண்ணன் தானாவே வெளிய வந்துட்டாரு. நான்தான் சாவி குடுத்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வீட்டுக்கு வாங்கன்னு சொல்லுவ. சொன்னா அவரு வந்துருவாரு."

முகத்தில் பாதி நுரை. இருபத்தெட்டு வருஷமாகப் பார்க்கிற முகம்தான். யாரோ மாதிரி இருந்தது.

தாராவி ரூமை விற்று மகனுக்கு வீடு வாங்கிக் கொடுத்தவர் அத்தான். இவரை ஐ.டி.ஐ. படிக்க வைத்ததும் அவர்தான். வண்டியை விற்க வேண்டாம் என்றேன். "அட்வான்ஸ் வாங்கியாச்சு. பிரவீன எங்க வைப்ப?" என்றார். கேட்டது நியாயம்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

இனி இவரோடு பேச்சில்லை. சாம்பாரில் உப்புப் போடவில்லை, வேண்டுமென்றே. நானும் அதையேதான் சாப்பிட வேண்டியிருந்தது.

ஜூன் 16, செவ்வாய்

பெரிய மழை வந்துவிட்டது. ஹார்பர் லைன் ரயில் லேட். ஆர்.சி. கிடைத்தது, கல்யாண ஆல்பத்துக்குள். பிரவீன் வழியாக இவருக்குக் கொடுத்தேன். "மம்மி, க்யா ஹுவா தும் தோனோங்கோ?" என்கிறான், எங்கள் இரண்டு பேருக்கும் என்ன ஆச்சாம். அவனிடம் என்னவென்று சொல்ல. இந்த நோட்டை அவன் எடுத்தாலும் கவலையில்லை, தமிழ் எழுத்து அவனுக்குக் கோலம் மாதிரி.

வண்டி எடுப்பது சனிக்கிழமை. அத்தானுக்குச் சொல்ல வேண்டும். நாலு நாள் முன்னால் எதற்குக் கேட்டார் என்று இப்போது தெரிகிறது. போனை மூன்று தடவை எடுத்து வைத்தேன். கடைசியில் சொன்னேன்.

"சரிம்மா" என்றார். குரலில் ஒன்றுமில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அந்த மனுஷன் எங்கே போய்ப் படுப்பார்? 

ஜூன் 20, சனி

கொட்டுகிற மழையில் லாரி வந்தது. கேம்ப் ஜனம் முழுக்கக் குடையோடு வாசலில். மீன்கார முத்தம்மா: "எங்க வீட்டுக்காரரு இதுலதான் வந்து எறங்குனாரு செல்வியக்கா. அன்னைக்கு ஒரு நாளுதான் பாக்க நல்லா இருந்தாரு."

அத்தான் இஸ்திரி போட்ட சட்டையில். அவரே ஸ்டார்ட் பண்ணினார், முதல் தடவையிலேயே பிடித்தது. பலகை மேல் ஏற்றி லாரியில் நிறுத்திவிட்டு இறங்கினார். சாவந்த் அவர் தலையைப் பார்த்தார், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். 

லாரி போன பிறகு ஷெட்டில் ஒரு பக்கெட், ஒரு ரெக்சின் பை, அத்தான். இவர் வெளியே டாக்சி பிடிக்கப் போயிருந்தார்.

"சரி செல்வி. நான் ரெண்டு அம்பது டோம்பிவிலி வண்டியப் பிடிக்கேன்."

"அத்தான், எனக்குத் தெரியும்."

பையைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். "தம்பி சொல்லிட்டானா?"

"இல்ல. வண்டி பாக்க வந்த ஆளு கண்டுபிடிச்சிட்டாரு. போன வாரம் வியாழக்கெழம."

குர்லாவில் ரயில் நின்ற கதை சொன்னது அன்றைக்குத்தான். அதை அவர் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. நான் அந்த நாளைச் சொல்லியிருக்க வேண்டாம்.

"வீட்டுக்கு வாங்க."

"நாலு நாளு வாரேன்" என்றார்.

டாக்சியில் இவர் அண்ணனின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். 

ஜூன் 21, ஞாயிறு

மீன் குழம்பு. அத்தான் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார். ஹாலில் அவருக்கும் பிரவீனுக்கும் பாய். துண்டை எங்கே காயப்போட என்று நான்கு தடவை கேட்டார். பாத்ரூமுக்குப் போகவும் என் முகத்தைப் பார்க்கிறார்.

இடநெருக்கடிதான், இருக்கட்டும். மனசு லேசாக இருக்கிறது. மனுஷன் செய்கிற காரியத்தை நான் செய்திருக்கிறேன். இவரை மன்னிப்பதாக இல்லை.

ஜூன் 22, திங்கள்

ஆறரைக்கு எழுந்து ஹாலுக்கு வந்தேன். பிரவீன் மட்டும் தூங்குகிறான். அத்தான் இல்லை. பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். பை இல்லை, செருப்பு இல்லை, கொடியில் துண்டு இல்லை. பாத்ரூம் தரையைக்கூடத் துடைத்திருக்கிறார். யாருமே வந்து தங்காத வீடு மாதிரி.

எனக்கு முதலில் வந்தது அப்பாடா. எழுதத்தான் வேண்டும். போய்விட்டார் என்று நினைத்தேன், நினைத்ததும் தோள் இறங்கியது. பாத்ரூம் காலி, ஸ்கூலுக்கு நேரத்தோடு போகலாம், ஹாலில் டிரெஸ் மாற்றலாம், எல்லாம் ஓடியது மனதில். பத்து நாளாக இவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவள் நான்.

பால்கனிக்குப் போனேன். கீழே மீட்டர் பெட்டித் தகரத்துக்கு அடியில் நிற்கிறார். குளித்து, தலை வாரி, தோளில் பை. மழை காலில் தெறிக்கிறது.

கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்துக் கையை ஆட்டினார். "நீங்க எல்லாரும் குளிச்சுக் கெளம்புங்க செல்வி. நான் எட்டு மணிக்கு வாரேன்."

இவர் வந்து பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார்.  பிறகு, "எறங்கிப் போயிக் கூட்டிட்டு வரட்டா?" என்றார்.

பத்து நாளில் இவருக்கு நான் சொன்ன முதல் வார்த்தை: "எட்டு மணிக்கு வாராராம்."