மதியம் ஓடாத மில்

மார்ச் 4, செவ்வாய்
எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். "சொன்னதையே சொல்றீங்க மாமா. ஒரு தடவை எழுதி வச்சிட்டா, மறுபடி கேக்கறதுல இருந்து நான் தப்பிச்சேன்" என்கிறாள். சரி, எழுது.

நகராட்சி எல்லாத் தெருவையும் பிரிக்கப் போகிறதாம். குடியிருப்புத் தெரு, வியாபாரத் தெரு என்று. வியாபாரத் தெருவுக்குத்தான் மூணு பேஸ் மின்சாரம். குடியிருப்புத் தெருவில் அந்த லைனைப் பிடுங்கிவிடுவார்கள். அது இல்லாமல் எங்கள் மாவு மில் எலி பிராண்டும் சத்தம்கூடப் போடாது.

இந்தத் தெருவுக்கு லைன் இழுத்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. கம்பம் நட்ட குழியில் மழைத் தண்ணீர் நின்றது. அன்றைய நகராட்சித் தலைவர் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, "தொழில் பண்ணுங்கய்யா, நாங்க இருக்கோம்" என்றார். இருந்தார்கள். பிறகு வேறு ஆட்கள் இருந்தார்கள்.

மார்ச் 11
பெல்ட் அறுந்தது. வேறொன்றும் இல்லை.

மார்ச் 19, புதன்
நகராட்சியிலிருந்து கணக்கெடுக்க ஒருவர் வந்தார். மதியம் வந்தார். அதுதான் கோளாறு.

மதியத்தில் நாங்கள் மில்லை ஓட்டுவதில்லை. எதிர்வீட்டு வாத்தியாரின் மனைவிக்கு இடுப்பு முறிந்ததிலிருந்து ராத்திரியில் வலி, தூக்கமில்லை. சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொஞ்சம் கண் அசருவாள். நிறுத்தச் சொல்லி வாத்தியார் கேட்கவில்லை. அதற்கு முன்னால் சத்தம் சத்தம் என்று எங்கள்மேல் மனுமேல் மனு போட்ட மனுஷன், அப்போது வாயைத் திறக்கவில்லை. நாங்களாக நிறுத்தினோம்.

வந்தவர் உரக்கப் பேசினார். "மெதுவா பேசுங்க சார், எதிர்ல தூங்கறாங்க" என்றேன்.

"ரொம்ப அமைதியான தெருங்க" என்று சிரித்தார். "இது என்ன, மில்லா? ஓடலையே?"

"இப்ப ஓடாது."

குறித்துக்கொண்டு போய்விட்டார். ஓட்டிக் காட்டட்டுமா என்று கேட்டிருக்கலாம். அந்த அம்மா அப்போதுதான் படுத்திருந்தாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்
வரைபடம் ஒட்டிவிட்டார்கள். எங்கள் தெரு குடியிருப்பு. மில் இருக்கும் இடத்தில் 'இயங்காத கூடம்' என்று போட்டிருக்கிறதாம்.

மகன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அழுத பிள்ளைக்குத்தான்பா பால். நம்ம மில்லுங்கற பிள்ளை வாயை நீங்களே பொத்திட்டீங்க. ஒரு சுவிட்சைப் போட்டிருந்தா போதும்பா" என்றான். அவனுக்கு வேறு தொழில் தெரியாது. நான்தான் படிப்பை நிறுத்தி இதில் உட்கார வைத்தேன்.

நான் என்ன பண்ணட்டும்? தூங்கற பொம்பளைய எழுப்பி, பாருங்க சார், எம்புட்டு சத்தம்னு காட்டவா? — இதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டேன் என்கிறாள்.

ஏப்ரல் 9
இன்றும் மதியம் மில்லை ஓட்டவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்
ஆட்சேபம் சொல்ல நகராட்சிக்குப் போனோம். வாத்தியாரும் தானாக வந்தார். பஸ்ஸில் தனியாக முன் சீட்டில் உட்கார்ந்தார். மில்லை மூடுவதைப் பார்த்துக் கைதட்டிச் சந்தோஷப்படத்தான் வருகிறார் என்று மகன் காதில் சொன்னான்.

கூடத்தில் காற்றாடி ஓடியது, காற்று வரவில்லை. அதிகாரி, "சத்தமே இல்லைன்னு குறிப்பு இருக்கே பெரியவரே. மில்லுன்னா சத்தம் இருக்கணுமே" என்றார்.

வாத்தியார் எழுந்தார். "இருக்கு சார். காலைல ஆறு மணிக்கே என் வீட்டுச் சுவர் நடுங்கும். எத்தனை புகார் குடுத்திருக்கேன் தெரியுமா, ஒண்ணுக்காவது நீங்க வந்தீங்களா?"

"அப்ப மூடறது உங்களுக்கு நல்லதுதானே?"

"மூடச் சொல்லி இப்ப யார் வந்தா? ஓடுதுன்னு சொல்ல வந்தேன். மதியம் நிறுத்தறது என் வீட்டுக்காரிக்காக. எழுதிக்குங்க."

பின்வரிசையில் சிரித்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில், "முதல் தடவையா என் புகாரைக் காதுல வாங்கினாங்க" என்றார்.

மே 13, செவ்வாய்
முடிவு வந்தது. மில் இருக்கலாம். ஆனால் மூணு பேஸ் மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரைக்கும்தான். ஊருக்கு வெளியே நகராட்சி போட்ட சோலார் தட்டுகளிலிருந்து அப்போதுதான் மின்சாரம் மிஞ்சுகிறதாம். மற்ற நேரத்தில் தெரு அமைதியாக இருக்க வேண்டுமாம்.

மருமகளை மறுபடி படிக்கச் சொன்னேன். அதேதான்.

"கிடைச்சதே பெரிசுப்பா" என்றான் மகன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே வாத்தியார், "தெரியும். ஓட்டுங்க. கட்டிலைப் பின்ரூமுக்கு மாத்திக்கறேன்" என்றார். அந்த ரூமில் ஜன்னல் இல்லை. வெயில் காலம் வேறு. உள்ளேயிருந்து அந்த அம்மா, "யாரு, மில்லுக்காரரா? உக்காரச் சொல்லுங்க" என்றாள். உட்காரவில்லை.

மே 20, செவ்வாய்
இன்று மதியம் ஓட்டினோம். மூட்டைகள் சேர்ந்து கிடந்தன, நல்ல வேலை. மகன் தலையெல்லாம் மாவு. மத்தியானத்தில் அவனை இப்படிப் பார்த்து வருஷமாயிற்று.

நான் வாசலில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் வாத்தியார் வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். சத்தத்தில் கேட்கவில்லை. தலையை ஆட்டினேன்.

என்ன சொன்னார் என்று மருமகள் கேட்கிறாள். நாலு மணிக்கு மில் நின்ற பிறகு போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை.