இஸ்திரிப்பெட்டியில் சுட்ட ரொட்டி

ஜொகூர் பாரு,
வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய கணவர் வர்தோயோ அவர்களுக்கு, வினார்த்தி சலாமுடன் எழுதுவது. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? மகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நலம். முன்பல் ஒன்றுதான் இல்லை, பதற வேண்டாம்.

எங்கள் ஓட்டலுக்கு விடுமுறையில் வருகிறவர்கள் காசை மிச்சம்பிடிக்க அறையிலேயே பசியாறிக்கொள்வார்கள். முட்டை கெட்டிலில் வேகும். ரொட்டியைக் காகிதத்துக்குள் வைத்து இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தால் முறுகலாகிவிடும்.

நேற்றுக் காலை ஓர் அறைக்குக் குளியல் துண்டு மாற்றப் போனேன். அரைவேக்காட்டு முட்டை கல்லாகிவிட்டதென்று ஓர் ஆள் மனைவியின் முடியைப் பிடித்து, அவள் தலையை அலமாரியில் இடித்துக்கொண்டிருந்தான். அவள் மூக்கு ரத்தம் தரையெல்லாம் சொட்டியது.

“விடுங்கண்ணே, செத்துருவாங்க,” என்றேன்.

“துண்ட வெச்சிட்டுப் போடி. இது எங்க குடும்ப விஷயம்,” என்றவன் என் வாயில் குத்தினான்.

ரொட்டி தேய்த்த பெட்டி சூடாகவே இருந்தது. எடுத்து அவன் கன்னத்தில் வைத்து அழுத்தினேன். அலறல் கீழ்த்தளம்வரை கேட்டதாம். போலீஸ் அவனைத்தான் கொண்டுபோனது. அந்தப் பெண் கிளம்பும்போது மிச்ச ரொட்டியை என் கையில் கொடுத்தாள். துணி அறையில் தனியாக உட்கார்ந்து, ஒரு பக்கமாகவே மென்று தின்றேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் மிளகாய்ச் சம்பல் கொடுத்தனுப்புங்கள். இங்கே எதுவும் உறைப்பதில்லை.

மேற்பார்வையாளர் கூப்பிடுகிறார், முடிக்கிறேன். பெருநாளுக்கு வருகிறேன். காப்பி ஆறிவிட்டதென்று நீங்கள் என்னை அறைந்த அன்று கீழே விழுந்து கெட்டுப்போனதே நம் இஸ்திரிப்பெட்டி, அதற்குள் அதைப் பழுதுபார்த்து வையுங்கள். நன்றாகச் சூடேற வேண்டும்.

வினார்த்தி